பசித்த பிள்ளை துப்பாது

இன்று காலை மிளகாய்த்தூள் பைகளை ஒட்டுவதற்காக மெஷினைச் சூடாக்கினேன். அதன் கம்பியில் வெள்ளித்தாள் உருகிப் படிந்த கீற்று ஒன்று இன்னும் கிடக்கிறது. எத்தனையோ தரம் துணியால் தேய்த்தும் போகவில்லை. சூடு ஏறியதும் அது கருகி மணக்கத் தொடங்கிவிட்டது. மகள் குசினியிலிருந்து, "அம்மா, என்ன எரியுது?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, மெஷின்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். மிளகாய்த்தூள் அப்படியே கிடக்கிறது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன்.

நீ போய் ஒரு வருடம்; உன் ஆட்டைத்திவசம் போன மாதம் முடிந்தது. உன் மகள் குறையில்லாமல் செய்தாள். வந்த சனம் வடையும் பாயசமும் சாப்பிட்டுக்கொண்டு உன்னைப் பற்றி நல்ல நல்ல கதையாகக் கதைத்தார்கள். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் "ஊருக்கு உழைத்த உத்தமி" என்று போட்டிருந்ததை ஒருத்தி எனக்கு வாசித்தும் காட்டினாள். நீ இருந்தபோது "கண்டறியாத சேவை" என்று உன் முதுகுக்குப் பின்னால் சொன்னவளும் அவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் உன் திவச வீட்டில் சண்டை வந்துவிடும் என்று எழும்பிப் போய்க் கை கழுவினேன். உன்னைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒருவரும் வேண்டாம். உன்னோடு கதைக்கத்தான் ஒரு விஷயம் இருக்கிறது.

தொடக்கத்தில் நானும் உன்னைப் பகிடி பண்ணினேன், நினைவிருக்கிறதா? உன் வீட்டில் இரண்டு பேரும் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். சூடானில் பஞ்சம் என்று காட்டினார்கள். ஒரு தாய் சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிள்ளை அழக்கூடச் சீவனில்லாமல் இருந்தது.

"எடியே, அவள் அவிக்கிறது இலை. பார்த்தனியே?" என்றாய்.

"பார்த்தனான். பாவங்கள்."

"பாவங்கள் எண்டிட்டு இருக்கேலுமே?"

"வேறை என்ன செய்யப் போறாய்? கப்பல் விடப் போறியோ?"

"ஓம், கப்பல்தான்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே நீ கொழும்பில் யார் யாரையோ பிடித்து விசாரித்துவிட்டாய். பள்ளிவாசல், கோயில், புத்த பன்சாலை என்று பார்க்காமல் எல்லாரிடமும் உலர் உணவு சேர்த்து, ஒரு கன்டெய்னர் பெட்டி நிரப்பிச் சூடானுக்குக் கப்பலில் அனுப்பப் போகிற ஒரு சிறு தொண்டு அமைப்பு அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஊர்ச் சங்கங்களும் தரலாம். ஒரே நிபந்தனை, பிரித்தவுடன் அப்படியே சாப்பிடக்கூடிய பொருளாக இருக்கவேண்டும். பைகளை அவர்களே தருவார்கள். வெள்ளித்தாள் பை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மேலே எழுத்துக்குப் பதிலாக ஒரு படம்: ஒரு கை, ஒரு வாய். எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கவேண்டும் என்று அப்படி.

மாதர் சங்கக் கூட்டத்தில் உன்னை உரித்து எடுத்தார்கள். "எங்கடை சண்டிலிப்பாயிலையே கஞ்சிக்கு வழியில்லாத வீடு இருக்கு. உவ கடல் தாண்டிப் போறா" என்றாள் ஒருத்தி.

"இருக்கு. அந்த வீட்டுக்கும் குடுப்பம். அங்கை குடுத்தால் இங்கை குடுக்கக்கூடாது எண்டு சட்டமே?"

"உந்தச் சனம் எங்களுக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை. எங்களுக்குச் செய்தவையின்ரை பேர் உனக்குத் தெரியுமே? முகாமிலை வந்த மூட்டையிலை என்ன எழுதியிருந்தது எண்டு நீ வாசிச்சனியே?"

அதோடு சேர்ப்பதென்று முடிவானது. அப்போதும் சிலர் அரிசி, பருப்பு சேர்க்கலாம் என்றார்கள். நீ ஒரேயடியாக மறுத்துவிட்டாய். "அடுப்பும் விறகும் தண்ணியும் உள்ளவனுக்குத்தான் அது சாப்பாடு. மற்றவனுக்குக் கல்லு." அதைச் சொன்னபோது உன் குரல் மாறியது. ஏன் மாறியது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இடப்பெயர்வில், நீயும் நானும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். உன் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் நடுவில் என் பழைய சேலைதான் சுவர். நிவாரணம் என்று பருப்பு வந்தது. மழை. விறகெல்லாம் நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. உன் சின்னவனுக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. "அம்மா பப்பு, அம்மா பப்பு" என்று சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேகும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை. அவன் அழுவதை உன்னால் பொறுக்க முடியவில்லை. அரைவேக்காட்டில் கடைந்து ஊட்டினாய். அடுத்த நாள் வயிற்றோட்டம் பிடித்தது. ஆஸ்பத்திரி என்று பேருக்கு இருந்த கொட்டிலில் சேலைன் இல்லை. அவனை உன் மடியிலிருந்து வாங்கியது நான்தான்.

அங்கே தண்ணீரும் கெட்டதுதான். அந்தக் கிணற்றில் எத்தனை சனம் அள்ளியது. எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கிழமை போயின. ஆனால் நீ பருப்பைத்தான் சொன்னாய், கடைசிவரை அதைத்தான் சொன்னாய். உன் வீட்டில் அதற்குப் பிறகு பருப்பு வேகும்போது நீ அடுப்படியை விட்டு அசைந்ததில்லை. கரையக் கரைய அவிப்பாய். உன் மருமகன் "மாமி, இது பருப்போ கஞ்சியோ" என்று கேட்டு உன் மகளிடம் ஏச்சு வாங்கினது எனக்குத் தெரியும்.

புழுக்கொடியல் மா என்று நீ சொன்னபோது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பனங்கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்து இடித்த மா. இரண்டு கரண்டியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் வயிறு நிற்கும். எங்களையே எத்தனை நாள் நிறுத்தியிருக்கிறது. எல்லா வீட்டிலும் தை மாதத்து மிச்சம் ஒரு பேணியிலாவது இருந்தது. "ஆவணி பிறக்க முதல் முடிச்சுப்போடுவம்" என்று நீ வீடு வீடாகத் திரிந்தாய். பைகளைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் நிரப்பி வாயை மடித்துக்கொண்டு வருவதென்றும், என் மெஷினில் ஒட்டுவதென்றும் ஏற்பாடு. என் முற்றம் கலியாண வீடு போல இருந்தது. ஒருத்தி நீட்ட, நான் ஒட்ட, நீ அடுக்க. நீ அன்று பாட்டுக்கூட முணுமுணுத்தாய். சுருதி சேராத உன் பாட்டை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

உன் மச்சாள் யோகக்கா அன்று வரவில்லை. முழங்கால் வருத்தம். உன் புருஷனின் தமக்கை. உன் புருஷன் போனபிறகும் உன்னை விடாமல் தாங்கினவர். தன் பங்குப் பைகளை நிரப்பி மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மற்றப் பைகளோடு அவையும் ஒட்டப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் போய், லொறியேறிக் கொழும்புக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகுதான் ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போனோம். தேத்தண்ணி தந்தார். லொறி போன கதையை நீ சந்தோஷமாகச் சொன்னாய். அவருக்கும் சந்தோஷம்.

"வெறுங்கையோடை நிண்டிடுவன் எண்டு பயந்துபோனன்" என்றார். "புழுக்கொடியல் எல்லாத்தையும் கனடாவிலை மகனுக்கு அனுப்பிப்போட்டன். கடைசியிலை அறையிலை ஒடியல் இருந்தது ஞாபகம் வந்திட்டுது. நல்ல வெள்ளை ஒடியல். இடிச்சு அரிச்சு நிரப்பி விட்டனான்."

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். "மச்சாள், ஒடியலோ? அவிக்காததோ?"

"ஓம். ஏன்?"

"அதை அப்பிடியே தின்னேலாதே."

"அப்பிடியே ஆர் தின்னச் சொன்னது? ஊறப்போட்டு, கைப்புத் தண்ணியைப் பிழிஞ்சு ஊத்திப்போட்டுக் கூழ் காய்ச்சுவினம். ஊறப்போடத் தெரியாத சனமும் உலகத்திலை இருக்கே?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. சீனி இனிக்கும், உப்புக் கரிக்கும் என்பதுபோல, பச்சை ஒடியல் மாவை ஊறவைத்துத்தான் தின்னவேண்டும் என்பதும் மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார். யாழ்ப்பாணத்தை விட்டால் ஒருவருக்கும் ஒடியலே தெரியாது என்று அவருக்கு யார் சொன்னது? நீ தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினாய். ஒழுங்கைக்கு வந்ததும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அந்தப் பையிலை கையும் வாயும் படம் கீறியிருக்கடி" என்றாய்.

அடுத்த ரயிலுக்கே கொழும்புக்குப் போனோம். மெஷினைப் படுக்கை விரிப்பில் சுற்றி நான் மடியில் வைத்திருந்தேன். எதிர் ஆசனத்து ஐயா, "தையல் மெஷினோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன், இரண்டு கிழவிகளின் விசர்க் கதையை அவருக்கு ஏன் சொல்லவேண்டும் என்று. எங்கள் திட்டம் சின்னது. எங்கள் ஊர்ப் பைகளைப் பிரிப்பது, ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைப்பது, கசந்தால் ஒதுக்குவது, கசக்காவிட்டால் திருப்பி ஒட்டுவது. வயிறு காய்ந்த சனத்துக்குப் போகிற பொருள், ஒரு நாள் வேலை, பெரிய காரியமில்லை என்று எனக்கு நீ தெம்பு சொன்னாய்.

அந்த அமைப்பின் களஞ்சியம் வெக்கையாக இருந்தது. எங்கள் பெட்டிகளைக் காட்டிவிட்டு அங்கிருந்த ஆள் போய்விட்டான். நீ நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பிரிக்கத் தொடங்கினாய். முதலில் பிரித்ததெல்லாம் நல்ல மா. உன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் மெஷினுக்குப் பிளக் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பொறுப்பாக இருந்த பிள்ளை வந்தாள். முக்காடு போட்ட, அமைதியான பிள்ளை. எங்களைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, என்ன செய்றீங்க? உடைச்ச பக்கெட்டை எடுக்க ஏலாது."

"திருப்பி ஒட்டித் தாறம் பிள்ளை. மெஷின் கொண்டந்தனாங்கள்."

"ஒட்டினாலும் ஏலாது ஆன்ட்டி. முத்திரை பார்த்து எண்ணி எழுதினது. திரும்ப ஒட்டினதெண்டு கண்டா அங்க துறைமுகத்துல முழுக் கன்டெய்னரையும் திருப்பிடுவாங்க. உடைச்சதை மட்டும் விட்டுடுங்க. மத்ததெல்லாம் நாளைக்கு ஏத்துறோம்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒட்டு சரியில்லை என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள். எங்களுக்குக் குடிக்க ஏதாவது எடுத்துவருகிறேன் என்று போனாள். அந்த இடைவெளியில் நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறைக்கவில்லை, இப்போதும் அதற்காக வெட்கப்படவில்லை.

"பேசாமல் விடடி. இவ்வளவு பையிலை உன்ரை மச்சாளின்ரை எத்தினை? மற்றதெல்லாம் நல்ல சாப்பாடு. ஒண்டு ரெண்டு பேர் வாயிலை வைச்சுக் கசந்தால் துப்பிப்போடுவினம்."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கோபம் இருக்கவில்லை. உன் விரல் நுனியில் மா ஒட்டியிருந்தது.

"பசிச்ச பிள்ளை துப்பாது" என்றாய்.

அந்தப் பிள்ளை இரண்டு சோடாப் போத்தலோடு வந்தாள். நீ அவளை இருக்கச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாய். அவித்தது எது, அவிக்காதது எது, ஏன் ஊறவைக்கிறோம், பார்த்தால் ஏன் பிரித்தறிய முடியாது. அவள் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்படியே சாப்பிட்டா என்ன ஆகும்?"

"பெரியாக்களுக்குத் தலை சுத்தும், வயித்தைப் பிரட்டும், சத்தி எடுக்கும். பட்டினி கிடந்த பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாதபடியாலைதான் சொல்லுறன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "அப்ப உங்கட ஊருட எதையும் ஏத்த ஏலாது ஆன்ட்டி" என்றாள். வேறு சாமான் வாங்கி அந்த இடத்தை நிரப்பலாமா என்று நீ கேட்டாய். விடிந்தால் கப்பல், சுங்கத்தில் காட்டி முடிந்தது, புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது என்றாள். கன்டெய்னரில் எங்களுக்கென்று ஒதுக்கிய மூலை அப்படியே வெறுமையாகத்தான் போகும் என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உதட்டைக் கடித்தாள்.

திரும்பி வரும்போது ரயில் வவுனியாவும் தாண்டிவிட்டது. நான் வாங்கிய பணிஸ் உன் மடியில் அப்படியே இருந்தது. பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு, "வெறும் இடம் போகுதடி" என்றாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

ஊர் உன்னைச் சும்மா விடவில்லை. "தன்ரை கையாலை குடுத்து, தன்ரை வாயாலை கெடுத்தவள்" என்றார்கள். மாதர் சங்கத்துக்கு ஆட்கள் வருவது குறைந்தது. யோகக்கா உன்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். "நான் நஞ்சு குடுத்தன் எண்டு கொழும்பு வரை போய்ச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாள்" என்று என்னிடம் சொன்னார். நீ அவர் வீட்டுப் படலையில் போய் நின்றாய். கதவு திறக்கவில்லை. அடுத்த முறையும் போனாய். பிறகு மழை தொடங்கிவிட்டது.

கார்த்திகையில் லொறி எங்கள் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து உன் விறாந்தையில் இறக்கியது. நீ ஒவ்வொரு பையாகப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாய். நான் உதவிக்கு வந்தபோது, "நீ வேண்டாம், எனக்குத்தான் இந்த வேலை" என்றாய். கடைசியில் யோகக்காவின் பைகள் ஒரு சின்னக் கடகத்துக்குள் அடங்கின. மற்றதெல்லாம் முதல்தரமான புழுக்கொடியல் மா. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று கேட்டாய்; அம்மாமார் வேண்டாமென்றார்கள். கொடுத்தவர்களே திருப்பி எடுக்கவில்லை. "நஞ்சு மா" என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. மாட்டுக்குத் தவிட்டோடு குழைத்து வைத்தோம். மாடு சுவைத்துத் தின்றது. நீ பக்கத்தில் குந்தியிருந்து அது தின்று முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்கழியில் நீ போனாய். நெஞ்சு நோவென்று சொல்லி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. வருத்தம் என்று ஒருநாள் படுத்தவளில்லை நீ. செத்த வீட்டிலேயே ஒருவன், "ஒடியல் மாவை அள்ளி அள்ளித் திண்டதாலைதான்" என்று பின்னால் நின்று சொன்னான். கோதாரி விழுவான். நான் திரும்பி அவன் முகத்துக்கு நேரே கேட்டேன், "நீ அதிலை ஒரு நுள்ளாவது நக்கிப் பார்த்தனியோ?" என்று. யோகக்கா சுவரோடு சாய்ந்து இருந்தார். எல்லாரும் குளறி அழுதபோது அவர் கண் காய்ந்திருந்தது. பிரேதம் எடுத்தபிறகு என்னிடம், "என்னோடை ஒரு வார்த்தை கதையாமல் போயிட்டாள் பார்" என்றார். கதவைத் திறக்காதவர் யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. தெரியாததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் ஆட்டைத்திவசத்துக்கு அடுத்த நாள், உன் பேரில் இன்னொரு முறை அனுப்புவோமா என்று நினைத்துக் கொழும்புப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். அவள் உன்னை மறக்கவில்லை. நீ போனதைச் சொன்னதும் தன் வழக்கப்படி ஒரு பிரார்த்தனை சொன்னாள். பிறகு, இப்போது பெட்டி போவதில்லை என்றாள். சூடானில் சண்டை, கப்பலில் இறக்கினாலும் சனத்திடம் கொண்டுபோகப் பாதையில்லை. "முதல் அனுப்பின பெட்டி போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டேன். "துறைமுகம் வரைக்கும் போனது தெரியும் ஆன்ட்டி" என்றாள்.

அந்தக் கிழமை மகள் தன் போனைக் கொண்டுவந்து, "அம்மா, இதைப் பாருங்கோ, உங்கடை ஒடியல் மாதிரி" என்றாள். அதே நாடுதான். ஒரு மனுஷி, எங்கள் வயது இருக்கும், காட்டுச் செடி ஒன்றின் கொட்டைகளைப் பெரிய பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாள். அதைப் பச்சையாகத் தின்றால் நஞ்சாம். நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால் கைப்புப் போய்விடுமாம். பஞ்சம் வந்தால் அந்தச் சனம் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் தின்கிறதாம். அவள் பானைக்குள் கையை விட்டுப் பிசைந்து, கைப்புத் தண்ணீரை மண்ணில் சரித்து ஊற்றினாள். கையைக் குவித்து அவள் ஊற்றிய விதம் எனக்குப் பழகிய விதம். நாங்கள் ஊற்றுவதும் அப்படித்தான்.

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நுள்ளு நாக்கில் வைத்தவுடன் கண்டுபிடித்திருப்பார்கள். மூலை வெறுமையாகப் போயிருக்கத் தேவையில்லை, மாட்டுக்கு வைத்திருக்கத் தேவையில்லை, நீ அவமானப்பட்டிருக்கத் தேவையில்லை. உன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உன் படத்துக்கு முன்னால் நின்று, "விசரி, ஏன்டி வாயைத் திறந்தாய்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்து யோகக்காவிடம் போனேன். அவர் சொன்னது சரி, ஊறப்போடத் தெரிந்த சனம்தான் என்று ஒருவராவது அவருக்குச் சொல்லவேண்டுமென்று பட்டது. இந்த ஒரு வருடத்தில் அவர் பாதியாகிவிட்டார். போனைக் கையில் கொடுத்து முழுவதையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார், "நான் அப்பவே சொன்னனான்" என்பார் என்று காத்திருந்தேன். முடிந்ததும், "இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன்.

"எத்தினை நாள் ஊற விடுகினமாம்?"

"மூண்டு நாலு நாள் எண்டு சொல்லுகினம். சிலவேளை கூடவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவு நாளும் பிள்ளையள் என்னத்தைத் திண்டுதுகள்?" என்று கேட்டார்.

அந்தப் படத்தில் அது இல்லை. எனக்கும் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ தெரிந்துகொண்டு மறைப்பதுபோல. பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, உன் பெயரைச் சொல்லி அழுதார். செத்த வீட்டில் அழவேண்டிய அழுகை முழுவதையும் அன்று அழுதார். "அவளுக்குத் தெரியும், பிள்ளை பொறுக்காது எண்டு அவளுக்குத் தெரியும்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நான் அவரைப் பிடிக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

உன்மேல் இருந்த ஆத்திரம் அந்த வீட்டை விட்டு வரும்போது என்னிடம் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் கேள்வி வந்து இருந்துகொண்டது. சோறு பிசையும்போது வருகிறது. பேரப்பிள்ளை "பசிக்குது" என்று அழும்போது வருகிறது; பாதி வெந்ததை ஊட்டிவிடாமல் என் கையை நானே பிடித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இந்தத் தை மாதம் யோகக்கா வீட்டுப் பனங்கிழங்குப் பாத்தியையும் என் வீட்டுப் பாத்தியையும் கிண்டினோம். முழங்கால் வருத்தத்தோடு அவரே அடுப்படியில் நின்று கிழங்கு முழுவதையும் அவித்தார். ஒரு கிழங்கைக்கூடப் பச்சையாகக் காயப்போட விடவில்லை. இப்போது இரண்டு முற்றத்திலும் பாய் விரித்துக் காய்கிறது. கொழும்புப் பிள்ளைக்கு நேற்றும் எடுத்தேன். பாதை இன்னும் திறக்கவில்லையாம்.